தில்லை விறகு

ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு மோப்பக்காரி என்று பட்டப்பேர் வைத்தது அவளுடைய கொழுந்தன்தான். விறகு லாரி கொல்லைக்குள் வந்து நின்றதும் அவள் ஒரு கட்டையை உருவி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னான். கடை ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கு இருக்கிறவள் மோந்து பார்க்கிறாள், இதில் என்ன குறைந்துபோயிற்று என்று விட்டுவிட்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில், ஒருநாள் அடுப்பு நிறைய வெந்த ரொட்டி அத்தனையும் தைல வாசனை அடித்தது. எவனோ ஒரு வியாபாரி தைல மரத்தை விறகென்று தள்ளிவிட்டுப் போயிருந்தான். வாங்க ஆளில்லாமல் ரொட்டியை மாட்டுக்குப் போட்டார்கள். மாடும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவள் விறகைக் கவனிக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வருகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு சிராயைக் கிள்ளி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொளுத்திப் பார்ப்பாள். புகை எப்படிப் போகிறது, என்ன வாசனை, தணல் நிற்கிறதா, பொசுக்கென்று சாம்பலாகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சவுக்கு பச்சையாக இருந்தாலும் எரியும். கருவேலம் மெதுவாகப் பிடிக்கும், பிடித்தால் விடாது. புளி சூடு அதிகம், அடிப்பக்கம் கருகிவிடும். வேம்பு போட்டால் கசப்பு ரொட்டிக்கு ஏறும். முருங்கையும் இலவும் விறகே இல்லை, வெறும் வாய்ப்பேச்சு. இப்படிப் போகப்போகக் கை பழகி, பட்டையைத் தடவினாலே மரம் தெரிய ஆரம்பித்தது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் வருகிற சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அவள் தலையாட்டினால்தான் லாரியின் பின்கதவு திறக்கும். ரொட்டியும் நன்றாக ஓடியது.

அடுப்புக்காரர் அவளுடைய மாமனார் காலத்திலிருந்து அங்கே வேலை பார்ப்பவர். கடைக்குப் பின்னால், முதலாளி கொடுத்த ஒற்றை அறை வீட்டில் மனைவியோடு இருந்தார். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "தங்கச்சி தலையாட்டுன விறகுன்னா கண்ண மூடிக்கிட்டு அடுப்புல போடுவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

கொழுந்தன் எதிலும் ஒட்டாத ஆள். செல்போன் கடை வைத்தான், கோழி வளர்த்தான், வாடகைக்குக் கார் ஓட்டினான். எல்லாம் ஆரம்பத்தில் ஆகா ஓகோ, முடிவில் கையைச் சுட்டுக்கொண்டு அம்மாவிடம் வந்து நிற்பான். கடைசியில் ஒரு பழைய லாரியைப் பிடித்து, விறகு கொண்டுவந்து போடுகிறேன் என்றான். அத்தை அன்றே பெரிய மகனிடம் பேசிவிட்டாள்.

"எவன் எவன்கிட்டயோ வாங்குறோம். கூடப் பொறந்தவன்கிட்ட வாங்குனா வாய் வெந்துடுமா?"

ரொட்டிக்கடைக்காரர் நல்ல மனிதர். யார் பேசினாலும் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடுகிற நல்ல மனிதர். அம்மா பேசியபோது அம்மா பக்கம் சாய்ந்தார்.

கொழுந்தனின் முதல் லோடு பரவாயில்லை. இரண்டாவதில் மேலாக்கச் சவுக்கு, அடியிலெல்லாம் தைல மரம். அவள் கீழே கைவிட்டு உருவிப் பார்த்துவிட்டு, "திருப்பிக்கிட்டுப் போங்க" என்றாள். லாரி ஓட்ட வந்த ஆளும் கடை ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனுக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணி, அடுப்புல போடப்போற கட்டைக்கு ஊரு பேரெல்லாம் விசாரிக்கணுமா? எரிஞ்சா எல்லாம் சாம்பல்தானே?"

"சாம்பல யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க, தம்பி. ரொட்டியத்தான் வாங்குவாங்க."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு வினையாக வந்தது என்று பிறகு அவளே நினைத்துக்கொண்டதுண்டு. அன்று மாலை வீட்டில் அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வந்தவள் ஒருத்தி, தன் பிள்ளையை நாலு பேர் முன்னால் நாறடித்துவிட்டாளாம். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு அறைகளுக்கும் மாறி மாறி நடந்தார். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு நீ முன்னாடி கல்லாவப் பாத்துக்கயேன். விறகு விஷயத்த அவனே பாத்துக்கட்டும்."

"ரொட்டி கெட்டுப்போனா?"

"கெடாது. அவனுக்கும் பொறுப்பு வரணும்ல?"

அவள் டப்பாவைக் கழுவி, சமையலறைப் பரணில் போட்டாள். கல்லாவில் உட்கார்ந்தாள். ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுப்பதும் சில்லறை எண்ணுவதும் கைக்குப் பழக்கமில்லாததால் முதலில் தடுமாறினாள். வாடிக்கைக்காரர்கள், "என்னம்மா, பதவி உயர்வா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே கொல்லை தெரியும். மழைக்காலம் முடிந்த ஒரு பிற்பகலில் லாரி வந்து நிற்பதை அதன் வழியாகத்தான் பார்த்தாள். இறக்குகிற ஆட்கள் ஒரு கைக்கு இரண்டு இரண்டு கட்டையாக, வெறும் மூங்கிலைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பருமனுக்கு அந்த எடை பொருந்தவில்லை. அவளால் உட்கார முடியவில்லை. கல்லாப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

வெளுத்த கட்டைகள். சாம்பல் நிறப் பட்டை, மேலே பொரிப்பொரியாகச் சின்னப் புடைப்புகள். பட்டையும் கட்டையும் சேருகிற இடத்தில் பால் கசிந்து, பாதி காய்ந்தும் காயாமலும் முத்து முத்தாக நின்றது. குனிந்தவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்த மரத்தை அவள் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். பல வருஷங்களுக்கு முன் ஒரு வியாபாரி, ஏற்றிவந்த சவுக்குக்கு நடுவில் தவறி வந்துவிட்ட ஒரு கட்டையைத் துணியால் பிடித்து எடுத்து ஓரமாக எறிந்துவிட்டுச் சொன்னான்: "உப்புச் சேத்துல வளர்ற தில்லைம்மா இது. வெறுங்கையால தொட்றாதீங்க."

"தம்பி, இது தில்லை" என்றாள் கொழுந்தனிடம். "எறக்காதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். புகையும் ஆகாது."

கொழுந்தன் லாரியில் சாய்ந்தபடி சிரித்தான். இந்தமுறை சிரிப்பு தன் பக்கம் இருக்கவேண்டும் என்று அவன் முடிவு செய்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

"வெளுத்ததெல்லாம் பால்னு நெனச்சா எப்படி அண்ணி? நாலு நாள் வெயில்ல கெடந்தா பால் என்ன, தயிரே காஞ்சிடும்."

ஆட்கள் சிரித்தார்கள். அவள் அங்கே நிற்காமல் நேரே மாவு பிசைகிற அறைக்குப் போய் கணவரிடம் சொன்னாள். அவர் கையெல்லாம் மாவு. "நான் அவன்கிட்ட சொல்றேன், நீ போ. கல்லாவுல ஆள் இல்ல பாரு" என்றார். திரும்பி வரும் வழியில் அடுப்புக்காரரிடமும் சொன்னாள்.

"அண்ணே, அந்த வெள்ளைக் கட்டையத் தொட்டுடாதீங்க. அது விஷம்."

"நீ சொன்னா சரிதான் தங்கச்சி. நான் எதுக்குத் தொடப்போறேன்?"

மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியோடு அவள் கல்லாவுக்குத் திரும்பினாள்.

ஆனால் அந்த வாரம் பழைய விறகு தீர்ந்துபோனது. அடுப்பு அணைந்தால் மறுநாள் ரொட்டி இல்லை. கொழுந்தன் வெள்ளைக் கட்டைகளைக் காட்டி, பிளந்து போடச் சொன்னான். அடுப்புக்காரர் தயங்கினார். அண்ணி சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்காரப்போகிறாயா, இல்லை, வேலை செய்யப்போகிறாயா என்று கேட்டான். முதலாளியும் அந்தப் பக்கமாகப் போனார். பார்த்தார். மாவு அறைக்குள் போய்விட்டார். அடுப்புக்காரர் கோடரியை எடுத்தார்.

கல்லாவில் இருந்தவளுக்குத் தண்ணீர்த் தொட்டி கவிழ்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்குப் பிறகுதான் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் தரையில் மண்டியிட்டு, கவிழ்ந்த தொட்டியிலிருந்து ஓடிய தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் அறைந்துகொண்டிருந்தார். அடுப்பு வாயிலிருந்து புகை சுருண்டு வந்தது. அவளுக்கே கண் திறக்க முடியவில்லை. குழாயை இழுத்துவந்து அவர் முகத்தில் பாய்ச்சினாள். "கசக்காதீங்கண்ணே, கசக்காதீங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எரியுது தங்கச்சி, கொள்ளிய வச்ச மாதிரி எரியுது" என்று அவர் ஒரு குழந்தையைப்போல அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் வாசலில் மாவுக் கையோடு நின்றார். கொழுந்தனைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அடுப்புக்காரரின் மனைவி அந்தப் பேச்சைக் கேட்டு அழவில்லை. "அப்ப வேலை?" என்று மட்டும் கேட்டாள்.

வேலையிடத்தில் நடந்த காயம் என்பதால் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்று செய்தி வந்தது. அன்று மாலை வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தட்டில் போட்டது ஆறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் தலையைக் குனிந்தபடி விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ரொட்டிக்கடைக்காரர்தான் பேசினார். அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"விறகப் பாக்குறது நீதான்னு ஊருக்கே தெரியும். வழக்கம்போலப் பாத்தேன், இந்தத் தடவ தப்பிடுச்சுன்னு சொல்லிடு. உன் மேல விழுந்தா அது வெறும் தவறு. இவன் மேல விழுந்தா அது குத்தம்."

"நான் வேணாம்னு சொன்னேன். உங்ககிட்டயே வந்து சொன்னேன்."

"சொன்ன. அதத்தான் அங்க சொல்லாதேங்கிறேன்."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அவள்மேல் பட்டது அன்றுதான். "என் பிள்ளைய உள்ள தள்ளிடாதம்மா" என்றாள். வெளியூரில் படிக்கிற மகளும் போனில் வந்தாள். "அம்மா, சித்தப்பா ஜெயிலுக்குப் போனா நம்ம குடும்பப் பேர் என்னாகும்? நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்ன?" யார் சொல்லிக் கொடுத்தது என்று அவள் கேட்டாள். யாருமில்லை என்றது மகளின் குரல். வார்த்தையெல்லாம் அப்பாவுடையது.

"ஒரு மனுஷன் கண்ணு போயிருக்கு" என்றாள் அவள் மேஜையைப் பார்த்து. எழுந்து போய்க் கை கழுவினாள்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். அதிர்ந்து பேசாதவர். கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே நல்ல சவுக்கு அடுக்கி வைத்திருந்தது. ஒரு தில்லைக் கட்டைகூட இல்லை. கொழுந்தன் ராத்திரியோடு ராத்திரியாக வழித்துத் துடைத்திருந்தான். அவள் அடுப்படிக்குப் போனாள். தரைக் கல்லின் இடுக்கில் ஒரு சிராய் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாளால் பிடித்து எடுத்தாள்.

"இதுதான் அந்த மரம். பட்டையில இந்தப் பொரிய பாருங்க. கட்டை இவ்வளவு லேசா, வெளுப்பா இருக்கும். ஓரத்துல கறுத்துப்போய் ஒட்டியிருக்கே, அது காஞ்ச பால். தில்லை. கையில படாமப் பாத்துக்குங்க."

அதிகாரி அம்மாள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு சிராய வச்சே இவ்வளவு சொல்றீங்க. அப்ப லாரி நெறைய வந்தத எப்படி உள்ள விட்டீங்க?"

மரம் இன்னது என்று நிரூபித்துவிடலாம். யார் வேண்டாம் என்றார்கள், யார் கேட்கவில்லை என்பதை எந்த மரம் வந்து சொல்லும்?

"நான் விடல. வேணாம்னு சொன்னேன். அப்ப நான் கல்லாவுல இருந்தேன்."

கொழுந்தன் தயாராக இருந்தான். "அண்ணி பாத்துட்டுத்தான் மேடம் எறக்கினோம். அவங்க தலையாட்டாம இங்க ஒரு குச்சி எறங்காது. யார வேணா கேளுங்க." கேட்டார்கள். கடை ஆட்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பொய்யும் இல்லை, பல வருஷமாக அதுதான் உண்மை. ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டபோது கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவதான் எப்பவும் பாப்பா" என்றார். அந்த 'எப்பவும்' என்ற சொல்லுக்குள் அவர் பத்திரமாக ஒளிந்துகொண்டதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உங்க பக்கம் சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் அதிகாரி அம்மாள். அந்தக் குரலில் இரக்கம் இருந்தது.

"அடுப்புக்காரண்ணன் இருக்காரு. அவர்கிட்டயும் சொன்னேன். வாங்க."

இரண்டு பேரும் கொல்லையைத் தாண்டி அந்த ஒற்றை அறைக்குப் போனார்கள். அவர் கட்டிலில், முகத்தில் பாதி கட்டோடு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே, "வா தங்கச்சி" என்றார். அவர் மனைவி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். கல்லாவில் போட்டுக்கொள்கிற கடை மேலங்கி ஒன்று புதிதாக, மடிப்புக் கலையாமல், கதவு ஆணியில் தொங்கியது.

"விறகு வந்த அன்னைக்கு இவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்க முடியாத ஒருவர் பார்வையைத் திருப்பிக்கொள்வதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"தங்கச்சி பாத்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுச்சு."

"அண்ணே!"

"பாவம், அதுக்கும் தெரியல. தெரிஞ்சா விட்டிருக்காது" என்றார், அவளுக்காகப் பரிந்து பேசுகிறவர்போல.

மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அம்மாள் வெளியே வந்ததும் நோட்டை மூடிக்கொண்டார். "இதுக்கு மேல நான் என்ன செய்யமுடியும், சொல்லுங்க" என்றார். விறகைச் சோதித்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று விஷயம் முடிந்தது. யாரும் உள்ளே போகவில்லை. கடைக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மோப்பக்காரி மூக்கே ஏமாத்திடுச்சாம்" என்று தெருமுனையில் பேசிச் சிரித்தார்கள். "அடுப்புக்காரன் கண்ண அவிச்சவ" என்று ஒரு கிழவர் அவள் காதுபடவே சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் அவள் தனியாக அந்த அறைக்குப் போனாள். அடுப்புக்காரர் வாசல்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

அவர் மறைக்கவில்லை. "முதலாளி வந்தாரு தங்கச்சி. சாகற வரைக்கும் இந்த ரூம்ல இருங்க, உங்க வீட்டுக்காரிக்கு கல்லாவுல வேலை தர்றேன்னாரு. மாத்திச் சொன்னா ரெண்டும் இல்லைன்னாரு. நீயே சொல்லு. உண்மையச் சொல்லி உன் பேர காப்பாத்தியிருக்கலாம். எனக்குக் கண்ணு வந்திருக்குமா?"

"வராது."

"அப்புறம்?"

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலண்ணே" என்றாள். "ஆனா என்னால இதுக்கு மேல உங்கள அண்ணேன்னு கூப்பிட முடியாது. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் அவள் இருந்த திசைக்குக் கையை நீட்டினார். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று பெட்டியை எடுத்து வைத்தாள். எங்கே போவது என்று யோசித்தாள். அம்மா வீடு என்று ஒன்று இல்லை. மகள் கூப்பிடவில்லை. மரம் பார்க்கத் தெரியும் என்று எந்தக் கடையில் போய் நிற்பாள்? அவள் பேர் அவளுக்கு முன்னாலேயே எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெட்டி சில நாள் கட்டிலடியில் கிடந்தது. பிறகு அதிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்திக்கொண்டதில் பெட்டி தானாகவே காலியாயிற்று.

ரொட்டிக்கடைக்காரர் கேஸ் அடுப்பு வாங்கிப் போட்டார். கொழுந்தன் செங்கல் சூளைகளுக்கு விறகு சப்ளை செய்து, முதன்முறையாக ஒரு தொழிலில் நிலைத்தான். இன்னொரு லாரியும் வாங்கினான். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். கணவர் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாம்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். "உங்களுக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவரோடு பேசுவதை அவள் நிறுத்தவில்லை. உப்பு போதுமா, மாவு தீர்ந்துவிட்டது, மகள் போன் பண்ணினாள். அவ்வளவுதான் பேச்சு.

கடைக் கல்லாவில் இப்போது இரண்டு பெண்கள். அவள் சில்லறை கொடுப்பாள், அடுப்புக்காரரின் மனைவி ரொட்டியைச் சுற்றிக் கொடுப்பாள். தோளோடு தோள் உரசுகிற இடம்தான். ஆனாலும் அவர்களுக்கிடையே ரொட்டியைத் தவிர வேறு பேச்சு இல்லை. வந்த புதிதில் அந்த அம்மாள் அளவு தெரியாமல் தாளை நீளமாகக் கிழித்து வீணாக்கினாள். இவள் தானே ஒன்றைக் கிழித்து அவள் முன்னால் வைத்தாள். அடுத்ததிலிருந்து சரியாக வந்தது.

கூட்டம் அதிகமாக இருந்த ஒரு சாயங்காலம், சுற்றிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. அந்த அம்மாள் ரொட்டியைப் பிடித்தபடியே அழுதாள். பார்க்கிறவர்களுக்கு ஜலதோஷம் என்று தோன்றுகிற மாதிரி, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "அந்த மனுஷன் மாட்டேன்னுதான் சொன்னாரு. ரெண்டு நாள் சாப்பிடாமக்கூட இருந்தாரு. நான்தான் கால்ல விழுந்தேன்."

இவள் தன் கையிலிருந்த சில்லறையை எண்ணி முடித்தாள்.

"தெரியும்" என்றாள். "அதச் சுத்திக் குடுங்க. ஆள் நிக்கிறாங்க."